வராத செயலியின் வதந்தி: கிரகணத்தன்று வரும் என்றார்கள்

வெளிவராத மென்பொருளைப் பற்றிய வதந்தி ஏதாவது ஒரு தடயத்தின் மேல்தான் நிற்கும். சொன்னவர் யார் என்று பார்ப்பது சென்ற வாரத்தோடு முடிந்தது. இனி அந்தத் தடயம்.

பப்ஜி மொபைல் விளையாட்டு இந்தியாவில் 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி, வேறு 117 செயலிகளோடு சேர்த்துத் தடை செய்யப்பட்டது. நவம்பரில், இந்தியாவுக்கென்று தனி விளையாட்டு வரும் என்று அறிவிப்பு வந்தது. அதில் தேதி இல்லை. டிசம்பர் என்றது ஒரு செய்தி, ஜனவரி என்றது இன்னொன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டபோது, அனுமதி எதுவும் தரவில்லை என்று மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் பதில் தந்தது. அனுமதி மறுக்கப்பட்டதாகவே பலர் அதைப் படித்தார்கள். ஆனால், செயலி தொடங்க அனுமதி வழங்குவது அமைச்சகத்தின் வேலையே அல்ல என்பதும் அதே பதிலில் இருந்தது. முழுதாகப் படித்தால் அந்த ஆவணம் எந்தப் பக்கத்துக்கும் சாட்சி இல்லை.

2021 மே 6-ஆம் தேதி பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற புதுப் பெயரை கிராஃப்டன் நிறுவனம் அறிவித்தது. 18-ஆம் தேதி முன்பதிவு தொடங்கியது. விளம்பரப் படம் ஒன்றில் மறைந்த சூரியன் தெரிந்தது. ஜூன் 10 அன்று சூரிய கிரகணம். ஆகவே அன்றுதான் வெளியீடு என்று பரவியது. இந்த வதந்தியின் பலம் அலாதியானது, ஏனென்றால் அதில் பாதி உண்மை. பஞ்சாங்கத்தைப் புரட்டியவருக்குக் கிரகணம் இருந்தது. கிரகணத்தைச் சரிபார்த்தவர் வெளியீட்டையே சரிபார்த்துவிட்டதாக நம்பினார். அந்தக் கங்கண கிரகணத்தின் பாதையோ கனடா, கிரீன்லாந்து, ரஷ்யா வழியே போனது. இந்தியாவில் அருணாசலப் பிரதேசம், லடாக் பகுதிகளில் மட்டும், சூரியன் மறையும் வேளையில் சற்றே தெரியக்கூடியது. இங்கே தர்மபுரியில் அன்று கிரகணமே இல்லை.

2019 டிசம்பர் 26 கிரகணம் வேறு. அதன் மையப் பாதை ஈரோடு, கரூர், திண்டுக்கல் வழியே போனது. பாதைக்கு வடக்கே இருந்த தர்மபுரியிலும் சூரியனின் பெரும்பகுதி மறைந்தது. அத்தகைய நாளில் தாம்பாளத்தில் நீர் விட்டு உலக்கையை நிறுத்திப் பார்ப்பது கிராமத்து வழக்கம்; நின்றால் அது கிரகணத்துக்குச் சான்று. உலக்கை நிற்கும். அடிப்பூண் தட்டையாக இருந்தால் மறுநாளும் நிற்கும். வதந்திக்கும் இதே சோதனை செல்லும்: படத்தில் சூரியன் மறைந்திருக்காவிட்டால் வேறொரு தேதிக்கு வேறொரு சான்று கிடைத்திருக்குமா? கிடைத்திருக்கும் என்றால் அந்தச் சான்றுக்கு எடை இல்லை.

எடையுள்ள தடயமும் முன்பதிவு தொடங்கிய அந்த மே மாதமே கிடைத்தது. பிளே ஸ்டோர் முகவரியில் ‘காம்.பப்ஜி.ஐமொபைல்’ என்ற அடையாளப் பெயர் இருந்தது. அதை வைத்தது வெளியீட்டாளரே. புதுப் பெயருக்குள் இருப்பது பழைய விளையாட்டுதான் என்பதற்கு அது போதும். என்றைக்கு வரும் என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. தேதியை நெருங்கியவர்கள் அந்த விளையாட்டு வட்டாரத்துக்குள்ளேயே இருந்த சிலர். ஜூன் 18 என்ற தேதியை இரும எண்ணாக எழுதிப் புதிர் போட்டார்கள். சோதனைப் பதிப்பு 17-ஆம் தேதி வந்தது. முழுப் பதிப்பு ஜூலை 2-இல்.

இந்த வாரத்துக்கென்று சொல்லியிருந்த போலி ஏபிகே கோப்புகள் அடுத்த இதழில்.