சேவை மலையேற வேண்டும்

1905-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வக்கீல் ரோட்டரி சங்கத்தை ஸ்தாபித்தார். 1929-ல் சென்னையில் அதன் கிளை தோன்றிற்று. வாராந்தரக் கூட்டம், ஒரு பிரசங்கம், புது அங்கத்தினருக்கு மாலை மரியாதை. இத்துடன் இத்தகைய சங்கங்களின் வேலை தீர்ந்ததென்று பரிகசிப்போர் உளர். அது முழு உண்மையன்று. இளம்பிள்ளை வாதத்தை உலகினின்றும் ஒழிப்பதென்று 1985-ல் ரோட்டரியார் விரதம் பூண்டனர். சர்க்காரும் லட்சக்கணக்கான ஊழியரும் உடன் உழைத்தனர். 2014 மார்ச்சில் நம் தேசம் அந்நோய் நீங்கியதென்ற அத்தாட்சியைப் பெற்றது.

கள்ளக்குறிச்சியின் சேவா சங்கத்தார் இதனைச் சிந்திப்பாராக. ஊருக்கு மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் ஜாகீர்தார்களுக்குக் கூலியின்றி உழைத்து வந்தனர். 1947-ல் தேசத்தின் தளை அறுந்தது; அவர்களுடைய தளை அறுந்ததோ 1976-ல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெதனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மறுமாதம் சென்னை ஹைகோர்ட் மலைமக்களின் நிலையைத் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. நியாயஸ்தலம் கேட்ட கேள்வியை அண்டையூரார் முன்னமே கேட்டிருக்க வேண்டாமா?

ஒருநாள் முகாம் நடத்திப் படம் பிடித்துத் திரும்புவது சேவையாகாது. இளம்பிள்ளை வாதத்தை வென்றது, விடுபட்ட குழந்தையைத் தேடி மீண்டும் மீண்டும் வீடு வீடாகச் சென்ற பிடிவாதமே. அப்பிடிவாதத்துடன் வெள்ளிமலைப் பாதையில் ஏறுங்கள். ஒரு கிராமத்தை ஏற்று, அதன் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடிக்குமட்டும் கைவிடாதிருங்கள். அடுத்த கூட்டத்திற்குப் பிரசங்கியாக ஒரு மலைவாசியையே அழையுங்கள். மாலை அவருக்கு, கேட்கும் கடமை உங்களுக்கு.