மழையில் மட்டும் இருமும் கார்

அப்பாவின் பழைய புரோட்டோன் வீரா வெயில் நாளில் நன்றாகவே ஓடும். மழை பெய்தால் மட்டும் இருமும், குலுங்கும். ஒரு நாள் மாலை, கூட்டரசு நெடுஞ்சாலையில் தடம் மாறும்போது திடீரென்று இழுவை குறைந்துவிட்டது. பின்னால் லாரி, காருக்குள் அம்மாவும் தங்கையும். அன்றுதான் இதைத் தள்ளிப்போடக் கூடாது என்று புரிந்தது.

அதற்கு முன்பே ஒரு பட்டறையில் ஸ்பார்க் பிளக்கை மாற்றியிருந்தோம். இருமல் போகவில்லை. வேறொரு மெக்கானிக் பானட்டைத் திறந்ததும் சிரித்தார். நான்கு பிளக் கேபிள்களும் ஒரே கட்டாக இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. “பார்க்க அழகாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது தலைப்பின்னல் இல்லையே!”

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. பிளக் கேபிளில் பாய்வது பல்லாயிரம் வோல்ட் மின்சாரம். ரப்பர் உறை பழையதாகி வெடிப்பு விட்டால், ஈரத்தில் அது குறுக்கு வழி தேடும். கேபிள்கள் உரசிக்கொண்டு நீண்ட தூரம் ஒன்றாக ஓடினால், ஒன்றின் மின்சாரம் பக்கத்துக் கேபிளுக்குத் தாவலாம்.

நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் பெரும்பாலும் தீப்பொறி 1, 3, 4, 2 என்ற வரிசையில் விழும். மூன்றுக்கு அடுத்து நான்கு; இரண்டுக்கு அடுத்து ஒன்று. மூன்றின் பொறி நான்குக்குத் தாவினால், அங்கே பெட்ரோல் கலவை முழுவதும் அழுத்தப்படும் முன்பே எரியும். குலுக்கமும் தட்டும் சத்தமும் அதனால்தான். பொறி வழியிலேயே கசிந்துபோனாலோ, பெட்ரோல் எரியாமல் வெளியேறும். பெட்ரோல் வீணாவதோடு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சூடேறிப் பழுதாகும்.

வீட்டிலேயே கவனிக்க வேண்டியவை:

• எஞ்சின் ஆறிய பிறகு கேபிள்களைத் துடைத்துப் பாருங்கள். வெடிப்பு, எண்ணெய்க் கறை, வெள்ளையாகக் கருகிய தடம், எலி கடித்த அடையாளம் இருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

• இருட்டிய பின் திறந்தவெளியில் எஞ்சினை ஓடவிட்டு, தள்ளி நின்று பாருங்கள். நீலப் பொறி பறந்தால் அங்கே மின்சாரம் கசிகிறது. கையால் தொடாதீர்கள். துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை பெல்ட் பக்கம் போகக் கூடாது.

• கழற்றும்போது கேபிளைப் பிடித்து இழுக்காதீர்கள். முனையிலுள்ள ரப்பர் தொப்பியைப் பிடித்து, லேசாகத் திருகி எடுங்கள். பெரும்பாலான கேபிள்களின் உள்ளே இருப்பது கரிமம் கலந்த மெல்லிய இழை. இழுத்தால் உள்ளுக்குள் அறுந்துவிடும், வெளியே தெரியாது.

• ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பழையதன் நீளத்துக்கே புதியதைப் போடுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் வரிசை குழம்பும். எஞ்சின் சரியாக ஓடாது.

• கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் பிடிப்பான்களைத் தூக்கி எறியாதீர்கள். கேபிள்களைப் பிரித்து வைக்கத்தான் அவை. சூடான புகைக்குழாய், கூர்மையான இரும்பு, சுழலும் பெல்ட் ஆகியவற்றிலிருந்து கேபிள் விலகியிருக்கட்டும். குறுக்கே கடந்தே ஆக வேண்டுமானால், ஒட்டி ஓடாமல் வெட்டிக் கடக்கட்டும்.

இன்றைய பெரும்பாலான பெட்ரோல் கார்களில் ஒவ்வொரு பிளக்கின் மேலேயும் தனி காயில் உண்டு. இந்தக் கேபிள் கிடையாது. ஆனால் பழைய சாகா, வீரா, கஞ்சில் இன்னும் பல குடும்பங்களைச் சுமக்கின்றன. முதல் வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அப்பா கொடுப்பதும் பல வீடுகளில் அந்தக் கார்தான். சாவியைக் கொடுக்கும் முன் ஒருமுறை பானட்டைத் திறந்து பாருங்கள்.

எங்கள் வீராவுக்குப் புதிய கேபிள் செட் போட்டு, நான்கையும் தனித்தனியே பிரித்து வைத்தார் மெக்கானிக். அரை மணி நேர வேலை. அந்த வாரமே நல்ல மழை. அப்பா கொஞ்சம் பயத்தோடுதான் சாவியைத் திருப்பினார். கார் இருமவில்லை.