28 பவுன் போதும்!

வீட்டுக்காரருக்குச் சம்பள உயர்வு என்று சேதி வந்தால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? கூடுதல் பணம் கைக்கு வருமுன்பே அது போக வேண்டிய இடம் தீர்மானமாகிவிடும். புதுத் திரைச்சீலை, முன்னதைவிடப் பெரிய குளிர்பெட்டி, அக்காவின் மருமகள் கட்டியிருந்ததைப் போல ஒரு பட்டுப் புடவை! அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் ஏறக்குறைய 300 வருஷங்களுக்கு முன் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் இருந்த ஓர் இளைஞர் இந்தக் கணக்கை வேறு மாதிரி போட்டார்.

முதல் வருஷம் அவருக்கு வரவு 30 பவுன். நகைப்பெட்டி ஞாபகம் வந்துவிட வேண்டாம். இது இங்கிலாந்து நாணயம். 28 பவுனில் காலத்தை ஓட்டிவிட்டு, மீதி 2 பவுனை ஏழைகளுக்குக் கொடுத்தார். அடுத்த வருஷம் வரவு 60. செலவு அதே 28, கொடுத்தது 32. மூன்றாம் வருஷம் 90, கொடுத்தது 62. நாலாம் வருஷம் 120 வந்தது. அப்போதும் அவருக்கு 28 பவுன் போதுமாயிருந்தது!

அந்த இளைஞர்தான் ஜான் வெஸ்லி. மெதடிஸ்டு இயக்கத்தைத் தோற்றுவித்தவர். சென்னை ராயப்பேட்டைவாசிகளுக்கு அங்குள்ள பள்ளிக்கூடத்தின் மூலம் பழக்கமான பெயர்.

வறுமையை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்து கொள்ளவில்லை. தகப்பனார் சாமுவேல் எப்வொர்த் என்ற ஊரில் பாதிரியார். தாயார் சூசன்னா பெற்ற பிள்ளைகள் 19, தங்கியவை பத்து. 1705-ல், 30 பவுனுக்கும் குறைந்த ஒரு கடனுக்காகத் தகப்பனாரைச் சிறையில் போட்டுவிட்டார்கள். கையில் காசில்லாத சூசன்னா தம் மோதிரங்களைக் கழற்றி அவருக்கு அனுப்பி வைத்தார். அவர் அவற்றை விற்க மனம் வராமல் திருப்பி அனுப்பிவிட்டார். ரொட்டிக்கே கஷ்டப்பட்டதுண்டா என்று பின்னர் யார்க் நகரப் பேராயர் விசாரித்தபோது, ரொட்டி இல்லாமல் போனதில்லை, ஆனால் அதைச் சம்பாதிக்க முன்னால் பட்ட கவலையும், கடனை அடைக்கப் பின்னால் பட்ட கவலையும் சேர்ந்து அந்த ரொட்டியின் ருசியைக் கெடுத்துவிட்டன என்ற கருத்தில் அந்த அம்மாள் பதில் சொன்னாராம். குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இதற்கு வியாக்கியானம் தேவையில்லை.

ஆக்ஸ்போர்டில் ஒரு குளிர்கால நாள். வெஸ்லி தம் அறைச் சுவருக்குச் சில படங்கள் வாங்கிப் பணம் கொடுத்து முடித்திருந்தார். அப்போது ஓர் ஏழை வேலைக்காரப் பெண் வந்தாள். கடுங்குளிரில் உடம்பில் மெல்லிய நூல் துணி ஒன்றுதான். கனமான துணி வாங்கிக்கொள்ளக் காசு கொடுக்கலாமென்று பையைத் துழாவினார். அதில் ஏறக்குறைய ஒன்றும் மிச்சமில்லை. நிமிர்ந்து பார்த்தார். சுவரில் படங்கள்! இந்தப் பெண்ணின் குளிரைப் போக்கியிருக்க வேண்டிய பணமல்லவா அங்கே தொங்குகிறது என்று துணுக்குற்றார். கிழவரான பிறகும் அதைப் பற்றிப் பிரசங்கங்களில் பேசும்படி அந்த நிமிஷம் அவர் மனத்தில் தைத்திருந்தது.

செல்வம் பாவம் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நித்திய வாழ்வு தேடி வந்த பணக்கார வாலிபன், சொத்தை விற்று ஏழைகளுக்குக் கொடு என்று இயேசுநாதர் சொன்னதும் துக்கத்தோடு திரும்பிப் போன கதை சுவிசேஷத்தில் வருகிறது. அதைப் படித்துவிட்டுப் பணத்தையே திட்டுகிறவர்கள் உண்டு. வெஸ்லி அப்படியல்ல. நல்லவன் கையில் பணம் பசித்தவனுக்குச் சோறு, அனாதைக்குத் தகப்பன் என்பது அவர் கட்சி. அவர் வகுத்த விதிகள் மூன்றே: முடிந்த மட்டும் சம்பாதி, முடிந்த மட்டும் மிச்சம் பிடி, முடிந்த மட்டும் கொடு. சம்பாதிப்பதிலும் நிபந்தனை உண்டு. உடம்பைக் கெடுத்துக்கொண்டோ, அடுத்தவன் குடும்பத்தைக் கெடுத்தோ சம்பாதிக்கக் கூடாது. சாராய வியாபாரம் அறவே ஆகாது.

28 பவுன் கணக்கு பிரம்மசாரியின் கணக்கு என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. வாஸ்தவம். 1751-ல் வசதியுள்ள ஒரு விதவையை மணந்தார். அவள் சொத்தைத் தாம் தொடாமல் அவளுக்கும் அவள் குழந்தைகளுக்குமே எழுதி வைத்தார். பண விஷயத்தில் இத்தனை சுத்தம். இல்லறமோ சுகப்படவில்லை. ஓயாமல் ஊர் சுற்றும் புருஷனோடு எந்தப் பெண்தான் குடித்தனம் நடத்துவாள்?

ஆனால் முதுமையில் அவரை வாட்டிய கவலை வேறு. மதம் மாந்தரை உழைப்பாளிகளாக்குகிறது. குடியையும் சூதையும் விடச் செய்கிறது. உழைப்பும் சிக்கனமும் சேர்ந்தால் பணம் பெருகாமல் என்ன செய்யும்? பணம் பெருகினால் கர்வமும் உலக ஆசையும் பெருகும், பக்தி தேயும். ஆக, பக்தி தன் குழிக்குத் தானே மண் தோண்டுகிறது! 1786-ல், 83-வது வயதில், இதை அவர் எழுதியே வைத்தார். முதல் இரண்டு விதிகளையும் தம் சீடர்கள் கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டு மூன்றாவதை நழுவ விடுகிறார்கள் என்பது அவருடைய மனக்குறை.

லாக்கிங்டன் கதையைப் பாருங்கள். ஜேம்ஸ் லாக்கிங்டன் செருப்புத் தைக்கும் தொழிலாளி, மெதடிஸ்டு. ஏழைகள் சிறு தொழில் செய்ய வட்டியில்லாக் கடன் கொடுப்பதற்கு லண்டனில் வெஸ்லி ஒரு நிதி ஏற்படுத்தியிருந்தார். அதில் 5 பவுன் வாங்கிப் பழைய புத்தக வியாபாரத்தைப் பெருக்கினார் லாக்கிங்டன். ரொக்கத்துக்கு மட்டுமே விற்பனை, குறைந்த லாபம். வியாபாரம் அமோகமாய் ஓங்கியது. பிரம்மாண்டமான புத்தகக் கடை, சொந்தக் கோச்சு வண்டி எல்லாம் வந்தன. பக்தி போயிற்று. 1791-ல் வெளியிட்ட சுயசரிதையில், தமக்குக் கை கொடுத்த மெதடிஸ்டுகளையே நையாண்டி செய்தார்.

வெஸ்லி மார்ச் 2-ந் தேதி காலமானதும் அதே 1791-ல்தான். பிற்காலத்தில் லாக்கிங்டன் மனம் மாறி, 1804-ல் தம் பரிகாசத்துக்கு வருந்திப் புத்தகம் எழுதினார். தம் பணத்தில் மெதடிஸ்டு ஆலயங்களும் கட்டிக் கொடுத்தார். அதைப் பார்க்க வெஸ்லி இல்லை.

புத்தக விற்பனையால் வெஸ்லிக்கும் ஏராளமான பணம் வந்ததுண்டு. வந்த வேகத்திலேயே அது போயிற்று. 1776-ல் வெள்ளிச் சாமான்களுக்கு வரி கட்டச் சொல்லி அதிகாரிகள் கேட்டபோது, லண்டனில் இரண்டு, பிரிஸ்டலில் இரண்டு, ஆக நாலு வெள்ளித் தேக்கரண்டிகள்தான் தம்மிடம் உள்ளன என்று பதில் எழுதினார். உயிலிலும் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். சவ வண்டி வேண்டாம், ஆடம்பரம் வேண்டாம். ஆறு ஏழைகள் தம் உடலைச் சுமந்து செல்ல வேண்டும். அவர்களுக்கு ஆளுக்கு ஒரு பவுன் கொடுக்க வேண்டும் என்று.