காலையில் வெயில்... மாலையில் இடி!

கோடை விடுமுறை. மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறீர்கள். கடைசி ஓவர். ஜெயிக்க இன்னும் நாலே ரன்தான். அப்போது பார்த்து மேற்கே வானம் கறுக்கிறது. தூரத்தில் 'குடுகுடு'வென்று ஒரு சத்தம். ஆனால், ஒரு சொட்டு மழைகூட விழவில்லை.

என்ன செய்வீர்கள்? "ஒரே ஓவர்தானே... முடித்துவிட்டுப் போகலாம்" என்பீர்களா? பதிலைக் கடைசியில் நீங்களே சொல்லுங்கள். அதற்கு முன்னால், காலையில் சுட்டெரித்த அதே வானம் மாலையில் எப்படி இடிக்கிறது என்று பார்ப்போமா?

மேலே போகும் காற்று

ஏப்ரல், மே மாதங்களில் நம் தலைக்கு மேல் சூரியன் கொளுத்துகிறது. தரை சூடாகிறது. தரையை ஒட்டிய காற்றும் சூடாகி, லேசாகி, மேலே கிளம்புகிறது. வங்கக்கடலில் இருந்து வந்த ஈரமும் அதோடு சேர்ந்து ஏறுகிறது.

சைக்கிள் டியூபில் இருந்து காற்றைத் திறந்துவிடும்போது வால்வு அருகே விரலை வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருக்கும். அடைபட்டிருந்த காற்று விரியும்போது குளிர்ந்துவிடும். மேலே ஏறும் காற்றும் அப்படித்தான் விரிந்து குளிர்கிறது. அதில் உள்ள நீராவி குட்டிக் குட்டித் துளிகளாகி, மேகமாகிறது.

முதலில் அது வெள்ளை வெளேர் என்று காலிஃபிளவர் மாதிரி இருக்கும். மளமளவென்று வளர்ந்தால் 12, 15 கிலோமீட்டர் உயரம்கூடப் போகும். எவரெஸ்ட் சிகரமே 8,849 மீட்டர்தான்!

மலை முந்திக்கொள்ளும்

கொடைக்கானல் போயிருக்கிறீர்களா? கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். காலையில் பளிச்சென்று இருக்கும் ஊர், மதியச் சாப்பாடு முடிவதற்குள் மேகத்துக்குள் போய்விடும். ஏன் தெரியுமா? காலை வெயில் பட்டதும் மலைச்சரிவு சூடாகிறது. அங்குள்ள காற்று சரிவைப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டில் ஏறுவதுபோல உச்சிக்கு ஏறுகிறது. அதனால் மலையில் மேகம் சீக்கிரமே திரண்டுவிடுகிறது.

சமவெளியில் அந்தப் படிக்கட்டு கிடையாது. தரை நன்றாகச் சூடேற மதியம் தாண்ட வேண்டும். கடற்காற்று உள்ளே வந்து, நிலத்தின் சூடான காற்றோடு மோதினால் அது மேலே தள்ளப்படும். அதனால்தான் மதுரையிலும் திருச்சியிலும் கோடை இடி பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ வருகிறது.

ஜூன் வந்ததும் காட்சி மாறும். அரபிக்கடலில் இருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி கேரளப் பக்கம் கொட்டித் தீர்க்கும். நம் பக்கம் வரும்போது பெரும்பாலும் காற்று மட்டும்தான் மிஞ்சும். 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்று பாட்டி சொல்வார்களே, அந்தக் காற்று இதுதான்!

வானத்தில் ஒரு ஸ்கேல்

பிளாஸ்டிக் ஸ்கேலைத் தலைமுடியில் தேய்த்துக் காகிதத் துண்டுகளை இழுத்து விளையாடியிருப்பீர்கள். மேகத்துக்குள்ளும் அதே வேலைதான் நடக்கிறது. பனித் துகள்களும் ஆலங்கட்டிகளும் ஒன்றோடொன்று உரசி மின்சாரத்தைச் சேர்க்கின்றன. அது பாயும்போதுதான் மின்னல். அந்தப் பாதையில் உள்ள காற்று சுமார் 30,000 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும். சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு சூடு! காற்று வெடித்து விரியும் சத்தமே இடி.

மின்னலைப் பார்த்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று விநாடிகளை எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர சுமார் 3 விநாடி ஆகும். 9 விநாடி கழித்து இடி கேட்டால் மின்னல் 3 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது.

தூரமாச்சே என்று அசட்டையாக இருக்காதீர்கள். மழை பெய்யும் இடத்தைத் தாண்டி 10 கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னல் விழலாம். இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டவர்கள் மின்னலுக்குப் பலியாகிறார்கள். வயலில் வேலை செய்பவர்கள், ஆடு மாடு மேய்ப்பவர்கள், மரத்தடியில் ஒதுங்குபவர்கள்தான் இதில் அதிகம்.

மேலே மழை, கீழே வெள்ளம்

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் மக்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். மலைமேல் பெய்த மழையால் அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. ஒரு சிறுவன் அதில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். நாம் நிற்கும் இடத்தில் தூறல்கூட இருக்காது. ஆனால், மலையில் பெய்த மழை நம்மைத் தேடி வரும். அருவியிலோ காட்டாற்றிலோ தண்ணீர் கலங்கினால், சத்தம் கூடினால், குச்சியும் இலையும் மிதந்து வந்தால் உடனே கரையேறிவிட வேண்டும்.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். கோடை மழை நமக்கு நண்பனும்கூட. அது மண்ணை இளக்கினால்தான் உழவர்கள் ஏர் பூட்ட முடியும். 'கோடை உழவு கோடி நன்மை' என்று சும்மாவா சொன்னார்கள்?

இதை மறக்காதீர்கள்!

* இடி கேட்டதுமே வீட்டுக்குள்ளோ கதவு மூடிய காருக்குள்ளோ போய்விடுங்கள்.

* தனி மரம், மின்கம்பம், குளம், கிணறு பக்கம் நிற்காதீர்கள்.

* வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் படுக்கக் கூடாது. பாதங்களைச் சேர்த்து வைத்துக் குந்தி உட்காருங்கள். கூட்டமாக ஒட்டி நிற்காதீர்கள்.

* கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள்.

* மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்காது. பயப்படாமல் தொட்டு உதவலாம். பெரியவர்களைக் கூப்பிடுங்கள்; 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

* அப்பா, அம்மா செல்போனில் மத்திய அரசின் 'தாமினி' செயலி இருந்தால், அருகில் மின்னல் வருமா என்று முன்கூட்டியே பார்க்கலாம்.

சரி குட்டீஸ்... மேற்கே வானம் கறுத்திருக்கிறது. 'குடுகுடு' சத்தம் கேட்டுவிட்டது. ஜெயிக்க நாலு ரன் வேண்டும். இப்போது சொல்லுங்கள், என்ன செய்வீர்கள்?

ஆமாம்! ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ஒரே ஓட்டம். அந்தக் கடைசி ஓவர் எங்கேயும் போய்விடாது. நாளைக்குக் காலையில், ஈர மண் வாசனையோடு ஆடிக்கொள்ளலாம்!