மலையேறும் மிதிவண்டியும் பற்சக்கரத் தேர்வும்

மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து தமிழகத்திலிருந்து கேரளத்துக்குச் செல்ல விரும்பும் மிதிவண்டியோட்டிக்கு இயற்கை இருவகை வாயில்களை அமைத்துள்ளது. முதலாவது பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் இடையில், ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடர் அறுபட்டுக் கிடக்கிறது. வாளையாறு வழியே செல்லும் சாலையில், ஒரே பற்சக்கரம் உடைய சாதாரண மிதிவண்டியும் தடையின்றிச் செல்லும். இரண்டாவது வகை இடுக்கி மாவட்டத்தின் எல்லையில் உள்ளது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று ஏற்றங்களும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நேரே மலைமேல் எழுகின்றன. கொச்சி-தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில், மலையடியில் உள்ள முந்தலிலிருந்து போடிமெட்டு வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவு. அதற்குள் சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர்ந்துவிடுகிறது. அஃதாவது சராசரியாக 20 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். பாலக்காட்டில் குறையின்றி ஓடிய வண்டி இங்கே முதல் வளைவிலேயே ஓட்டியை இறக்கிவிடுகிறது. இதற்குக் காரணம் ஓட்டியின் வலிமைக் குறைவன்று. வண்டியின் பல்விகிதம் அவ்வேற்றத்துக்கு ஏற்றதாக இல்லாமையே.

பல்விகிதம் என்பது மிதிச்சக்கரத்திலுள்ள பற்களின் எண்ணிக்கையைப் பின்சக்கரப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைக்கும் எண். இதனைப் பின்சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், மிதி ஒரு முழுச் சுற்று சுற்றும்போது வண்டி எவ்வளவு தூரம் முன்னேறுகிறது என்பது தெரியும். முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் கொண்ட சாதாரண வண்டியில், சக்கரச் சுற்றளவு 2.2 மீட்டர் எனக் கொண்டால், இத்தூரம் 5.4 மீட்டர் ஆகும். வகுப்பறையில் இதனை எளிதில் காட்டலாம். மிதியைக் கீழ்நிலையில் நிறுத்தித் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இட்டு, மிதி மீண்டும் கீழ்நிலைக்கு வரும்வரை வண்டியைப் பின்னோக்கித் தள்ளி, இடைப்பட்ட தூரத்தை அளக்குமாறு மாணவர்களிடம் கூறினால் போதும். கணக்கும் அளவும் ஒத்துவருவதைக் கண்டபின் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இராது.

ஓட்டியும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ எடை எனக் கொள்வோமாயின், 20-க்கு 1 ஏற்றத்தில் புவியீர்ப்பு அவ்வண்டியைப் பின்னிழுக்கும் விசை ஏறத்தாழ 42 நியூட்டன். சக்கரங்கள் உருளுவதில் ஏற்படும் தடையையும் சேர்த்தால் 48 நியூட்டன் ஆகும். மெதுவான ஏற்றத்தில் காற்றின் தடை மிகச் சிறிது, அதனை விட்டுவிடலாம். முந்தலிலிருந்து உச்சி வரை செய்யவேண்டிய வேலை ஏறக்குறைய 970 கிலோஜூல். எந்தப் பற்சக்கரத்தைப் பொருத்தினாலும் இத்தொகை குறைவதில்லை. கியர் வாங்கினால் உழைப்புக் குறையும் என்று கடைக்காரர் சொல்வது இவ்வகையில் சரியன்று. குறைவது ஒவ்வொரு மிதிப்பிலும் கால் கொடுக்கவேண்டிய விசையே. அதற்கு ஈடாக மிதிப்புகளின் எண்ணிக்கை கூடுகிறது. நெம்புகோலிலும் கப்பியிலும் காணும் அதே விதி இது.

எனினும் உடலுக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல. பழக்கமுள்ள ஆரோக்கியமான ஒருவர் ஓரிரு மணி நேரம் தொடர்ந்து ஏறத்தாழ 100 வாட் திறனைத் தரக்கூடும். அவர் இவ்வேற்றத்தில் 44-க்கு 18 பற்கள் உடைய வண்டியை அதே திறனில் ஓட்டினால், மிதி நிமிடத்துக்கு 23 சுற்றுகளே சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாக 25 கிலோ எடைக்கு நிகரான விசையை மிதியின்மேல் இடைவிடாது செலுத்தவேண்டும். உண்மையில் கால் கீழிறங்கும்போதுதான் விசை செயற்படுகிறது. ஆதலின் அந்தக் கணத்தில் வேண்டப்படுவது இன்னும் மிகுதி. மிதி மேலும் கீழும் நேர்நிற்கும் நிலையில் வண்டி ஏறத்தாழ நின்றே விடுகிறது. ஓட்டி இருக்கையைவிட்டு எழுந்து உடல் எடை முழுவதையும் மிதியின்மேல் சாய்க்கிறார். முழங்கால் மூட்டு அத்தனையையும் தாங்குகிறது. நாள்தோறும் இவ்வாறு ஏறுபவருக்கு மூட்டுவலி ஏற்படின் வியப்பில்லை.

சாலைப்பந்தய வகை வண்டிகளில் சக்கரச் சுற்றளவு 2.1 மீட்டர் அளவில் இருக்கும். எடை வேறுபாட்டைக் கருதாமல் அதே 100 வாட் ஓட்டியை இவ்வண்டிகளில் ஏற்றிப் பார்க்கலாம். முற்காலப் பந்தய வண்டியில் மலைக்கென உள்ள மிகச் சிறிய விகிதம் முன்னே 39, பின்னே 25 என இருப்பின், மிதி நிமிடத்துக்கு 38 முறை சுற்றும். முன்னே 34, பின்னே 28 எனில் 49. முன்னும் பின்னும் 34 எனில் ஏறத்தாழ 60. இக்கடைசி நிலையில் மிதியின்மேல் சராசரி விசை 10 கிலோ எடைக்கும் குறைவு. வண்டி மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். உச்சியை அடைய இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்றுகள் வரை மிதிப்பதே பெரும்பாலோர்க்கு இயல்பாக அமைவதால், புதிதாக வண்டி வாங்குவோர் மலைப்பகுதிக்கு முன்னே 50, 34 என இரு சக்கரங்களும், பின்னே 11 முதல் 34 வரையிலான தொகுதியும் உள்ளதைத் தேர்வது நன்று. சுமை எடுத்துச் செல்பவருக்கும் வயது முதிர்ந்தவருக்கும் முன்னே 30 பற்கள் உள்ள சக்கரமும் மிகையாகாது. அதற்கும் கீழே போவதில் பயன் இல்லை. வேகம் மணிக்கு 5 கிலோமீட்டருக்குக் குறைந்தால் வண்டியைச் சாயாமல் நிறுத்துவதே பெரும்பாடாகும், இறங்கித் தள்ளுவது மேல்.

பழைய வண்டியில் பெரிய பின்தொகுதியை மட்டும் மாற்ற எண்ணுவோர் முதலில் சங்கிலி மாற்றியின் கொள்திறனைக் கவனிக்கவேண்டும். முன்சக்கரங்களின் வேறுபாட்டையும் பின்சக்கரங்களின் வேறுபாட்டையும் கூட்டி வருவது இதற்கான அளவு. மேற்சொன்ன தொகுதியில் அது 16-உம் 23-உம் சேர்ந்து 39. குட்டையான சங்கிலி மாற்றி இதனைத் தாங்காது. நீண்ட கை உடையது வேண்டும். சங்கிலியும் இரு பெரிய சக்கரங்களின்மேல் ஒருங்கே செல்லும் அளவுக்கு நீளமாக இருக்கவேண்டும். இல்லையேல் ஏற்றத்தின் நடுவே தவறி அந்நிலைக்கு மாற்றும்போது சங்கிலி இறுகி, மாற்றியையே முறித்துவிடும்.

இத்தகைய வசதி மிதிவண்டிக்கு எளிதில் வந்துவிடவில்லை. 1902-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் தோன்றிய ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் பின்சக்கரக் குடத்துக்குள்ளேயே மூன்று வேகங்களை அடக்கியது. பிரான்சின் செந்த் எத்தியேன் நகரைச் சேர்ந்த பால் தெ விவி, மலைச்சாலைகளில் தாமே ஓட்டிப் பார்த்து மாறும் பல்விகிதங்களுக்காக ஓயாது வாதாடினார். ஆயினும் பிரான்சு நாட்டுச் சுற்றுப் பந்தயத்தில் சங்கிலி மாற்றிக்கு 1937-இல்தான் இடம் கிடைத்தது. கியர் முதியோர்க்கே உரியது என்னும் செருக்கு அதுவரை மேலோங்கி நின்றது. அச்செருக்கின் எச்சம் இன்றும் சில இளைஞரிடம் உண்டு.

இனி, ஒற்றைப் பல்விகித வண்டியே உடையோர் நிலை. மலையடி ஊர்களில் பள்ளிக்குச் செல்லும் மாணவர்களுக்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டிகள் இவ்வகையினவே. இவற்றில் 18 பல் ஃப்ரீவீலை எடுத்துவிட்டு 22 பல் உள்ளதைப் பொருத்தினால், மிதியில் வேண்டப்படும் விசை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான அளவு தணியும். சங்கிலியில் ஒரு கண்ணி சேர்க்க நேரலாம். சமதரையில் வேகம் சிறிது குறையுமெனினும், பள்ளி செல்லும் பிள்ளைக்கு அது பெரும் இழப்பன்று. போடிமெட்டை ஏற இது போதாது. ஆனால் ஊருக்கும் பள்ளிக்கும் இடையிலுள்ள சிறு மேடுகளுக்குப் போதும்.

பாலக்காட்டுப் பகுதியினருக்கும் இம்மாற்றம் பயனற்றதன்று. தென்மேற்குப் பருவக்காற்று கணவாயின் வழியே நெருக்குண்டு கிழக்கு நோக்கி வீசும் மாதங்களில், கோவையிலிருந்து பாலக்காடு செல்பவருக்குக் காற்றே மேடாகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் எதிர்காற்றில் 15 கிலோமீட்டர் வேகத்தில் நிமிர்ந்து அமர்ந்து செல்பவரைக் காற்று ஏறத்தாழ 34 நியூட்டன் விசையுடன் தடுக்கும். 85 கிலோ எடையுடன் 25-க்கு 1 ஏற்றத்தில் செல்வதற்கு இது நிகர்.

ஏறும்போது வளைவுகளைப் பயன்படுத்தத் தெரிந்திருத்தலும் ஒரு கலை. கொண்டை ஊசி வளைவில் சாலையின் சாய்வு 40-க்கு 1-ஐ மிஞ்சலாகாது என்பது இந்தியச் சாலைப் பேராயத்தின் விதி. ஆகவே நன்கு அமைந்த வளைவு இளைப்பாறும் இடமாகும். ஆயினும் அச்சாய்வு சாலையின் நடுக்கோட்டுக்கு உரியது. இடப்புறம் திரும்பும் வளைவில், இடப்பக்கமாகச் செல்லும் ஓட்டி உள்விளிம்பில் இருப்பதால் குறுகிய தூரத்தில் அதே உயரத்தை ஏறவேண்டியுள்ளது. அங்கே வளைவுக்கு முன்பே சிறிய விகிதத்துக்கு மாறிவிட வேண்டும். விசை முழுவதும் மிதியில் ஏறியபின் மாற்ற முயன்றால் சங்கிலி பல்லில் ஏறாமல் தாவும்.

ஏறிய 1,000 மீட்டரும் இறங்குகையில் திரும்ப வருகிறது. 830 கிலோஜூலுக்கு மேற்பட்ட அந்த ஆற்றலைக் காற்றும் தடைக்கட்டைகளும் வெப்பமாக்கித் தீர்க்கவேண்டும். இரும்பு விளிம்புச் சக்கரத்தில் மழைநீர் பட்டால் ரப்பர்க்கட்டை பற்றுவதற்குச் சிறிது நேரம் ஆகும். அதற்குள் வளைவு வந்துவிடும். ஆதலால் பருவமழை நாட்களில் இரு தடைகளையும் வளைவுக்கு நெடுமுன்னரே இலேசாகத் தொட்டு விளிம்பைத் துடைத்துக்கொண்டே இறங்கவேண்டும். மலையிலிருந்து இறங்குமுன் கட்டைகளின் தேய்மானத்தையும் தடைக்கம்பிகளையும் உச்சியிலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதும்.