மொட்டு காட்டும் நாள்

அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில், ஒரு தொட்டியில் பைன் மரம் ஒன்று வாழ்கிறது. அது 1625ஆம் ஆண்டு முதல் பேணி வளர்க்கப்பட்ட மரம். 1945ஆம் ஆண்டு ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அந்நகரிலேயே இருந்து உயிர் தப்பியது. 1976இல் ஜப்பானியர் அதனைக் கொடையாக அளித்தனர். மரத்தை இவ்வாறு சிறு தொட்டியில் குறுக வளர்க்கும் கலையே போன்சாய் ஆகும். 'போன்' என்றால் தட்டு. 'சாய்' என்றால் நடுதல். நம் 'சாய்தல்' என்னும் சொல்லோடு இதற்கு உறவில்லை!

போன்சாய் மரத்தை விதையிலிருந்தும் வளர்க்கலாம். ஆயினும், பாறை இடுக்கில் வேரூன்றி, காற்றாலும் பனியாலும் முறுக்குண்டு வளர்ந்த மலை மரத்திற்கே மதிப்பு மிகுதி. மலையிலிருந்து பெயர்த்தெடுத்த மரத்தை ஜப்பானியர் 'யமதோரி' என்பர். சிகோகு தீவின் மலைகளில் வளரும் ஐந்தூசிப் பைன் இவ்வகையில் புகழ்பெற்றது. ஒரு கொத்தில் ஐந்து ஊசியிலைகள் இருப்பதால் அதற்கு அப்பெயர்.

அம்மரத்தை எப்போது பெயர்ப்பது? மண் இளகியிருக்கும் மழைக்காலமே ஏற்றது எனத் தோன்றலாம். ஆனால் ஜப்பானில் மழை பொழியும் ஜூன் மாதத்தில் பைன் மரம் இளம் ஊசிகளோடு நிற்கும். அவை நீரை மிகுதியாக வெளியிடும். தோண்டும்போது வேர்களுள் பெரும்பகுதி அறுபடுவதால், இழந்த நீரை ஈடுசெய்ய மரத்தால் இயலாது. கடுங்குளிரிலோ அறுபட்ட வேர் மீண்டும் துளிர்ப்பதில்லை.

இளவேனிலின் தொடக்கமே தக்க காலம். அப்போது மண் வெதுவெதுப்படைய, வேர்கள் விழித்தெழும்; இலைகளின் தேவையோ இன்னும் சிறிதே. நாள்காட்டியைவிட மொட்டையே நம்ப வேண்டும். கிளை நுனியிலுள்ள மொட்டு சற்றே பருத்திருக்க வேண்டும். மெழுகுவர்த்திபோல் நீண்டுவிட்டால் காலம் கடந்தது என்று பொருள். அடிவாரத்தில் மார்ச்சு மாதத்திலேயே அந்நாள் வரலாம். உயர்ந்த மலையில் பனி உருகும்வரை காத்திருத்தல் வேண்டும்.

தோண்டுவோர் வேரைக் கழுவுவதில்லை. தாய்மண்ணோடு சேர்த்தே எடுப்பர். அம்மண்ணில் வாழும் ஒருவகைப் பூஞ்சை, வேரோடு பிணைந்து நீரையும் சத்துகளையும் ஈர்த்துத் தருகிறது. நிலத்திற்கு உரியவரின் இசைவு பெறாமல் எடுப்பது திருட்டே ஆகும். மரம் பிழைக்காது எனத் தோன்றினால், கைதேர்ந்தவர் மண்ணைத் திரும்ப மூடிவிட்டு இறங்கிவிடுவர்.

காலந்தவறிப் பெயர்த்த பைன் உடனே வாடுவதில்லை என்பதே இதில் பெருந்துன்பம். உயிர் நீங்கிய பின்னும் பல வாரங்கள் பச்சையாகவே நிற்கும். ஆதலால் புதிதாய்க் கொணர்ந்த மரத்தைப் பெட்டியில் நட்டு, கிளை எதனையும் வெட்டாமல், அடுத்த இளவேனிலில் மொட்டு நீள்கிறதா என்று பார்த்திருப்பர்.