தகர மூடி ஏன் பறந்தது?

கனடாவில் சஸ்காச்சுவான் என்றொரு மாகாணம் இருக்கிறது. கோதுமை விளையும் பரந்த சமவெளி. அங்கே பிளாட்வொர்த் என்னும் சிற்றூரின் தொடக்கப்பள்ளியில் 1926-இல் ரொனால்ட் கிப்சன் என்ற மாணவனும் அவன் கூட்டாளிகளும் ஒரு விளையாட்டை உண்டாக்கினார்கள். கோல்ஃப் ஆட வேண்டுமானால் மட்டை வேண்டும், பந்து வேண்டும், வெட்டிச் சீராக்கிய புல்வெளி வேண்டும். அந்தப் பையன்களிடம் இருந்தவை தகர மூடிகள். பள்ளி வளாகத்துக்குள்ளேயே அங்கங்கே இலக்கு வைத்து, மூடியை வீசி, எத்தனை வீச்சில் போய்ச் சேர்கிறோம் என்று எண்ணி ஆடினார்கள். ‘டின் லிட் கோல்ஃப்’, அதாவது தகர மூடி கோல்ஃப் என்று பெயரும் சூட்டினார்கள். வளர்ந்து ஆளுக்கொரு ஊராகப் பிரிந்ததும் ஆட்டம் நின்றுபோனது. ஆனாலும் தட்டு வீசி ஆடும் கோல்ஃபைப் பற்றி நமக்குத் தெரிந்த முதல் செய்தி இந்தப் பள்ளிக்கூடத்துப் பையன்களுடையதுதான்.

பள்ளி வளாகத்தில் எறிவதற்குக் கல் கிடைக்காமலா போயிருக்கும்? பிறகு ஏன் மூடி?

கல்லை எறிந்தால் அது மேலே போய், வளைந்து, கீழே விழும். அதைத் தாங்கிப் பிடிக்கக் காற்றுக்கு வழியில்லை. மூடியின் கதை வேறு. முன்விளிம்பு இம்மியளவு தூக்கியிருக்கும்படி அதை வீசினால், எதிரே வரும் காற்றை அது கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே போகிறது. அது காற்றைக் கீழே தள்ள, காற்று அதை மேலே தள்ளுகிறது. இதற்குத் தூக்கு விசை என்று பெயர். விமானத்தின் இறக்கையைத் தாங்குவதும் இதே விசைதான். பிளாட்வொர்த் பையன்கள் கையில் வைத்திருந்தது, அவர்களுக்கே தெரியாமல், ஒரு வட்டமான இறக்கை.

ஆனால் இறக்கை மட்டும் இருந்தால் போதாது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஐஸ்கிரீம் டப்பாவின் வட்டமான பிளாஸ்டிக் மூடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுழற்றாமல், இரு கையாலும் பிடித்து அப்படியே முன்னால் தள்ளி விடுங்கள். இரண்டு அடி போவதற்குள் குப்புறக் கவிழும். அதே மூடியை மணிக்கட்டால் ஒரு சுண்டு சுண்டி வீசுங்கள். மைதானத்தில் பாதி தூரம் மிதந்து போகும். கை அதே கை, மூடி அதே மூடி. இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு சுழற்சி ஒன்றுதான்.

பம்பரம் விட்டவர்களுக்கு இது உடனே பிடிபடும். சுற்றாத பம்பரத்தை ஆணியில் நிறுத்த யாராலும் முடியாது. சாட்டையைச் சுற்றி வீசிவிட்டால் அசையாமல் நிற்கும். ‘பம்பரம் தூங்குது’ என்று சொல்வோமே, அந்த நிலை. வேகமாகச் சுழலும் பொருள் தன் அச்சு நிற்கும் திசையை எளிதில் விட்டுக்கொடுக்காது. அந்தப் பிடிவாதத்தைத் தருவது கோண உந்தம் என்கிறது இயற்பியல். நன்றாகத் தேர்ந்த ஆட்டக்காரர் கையிலிருந்து புறப்படும் தட்டு நொடிக்கு இருபது தடவைக்குப் பக்கமாகச் சுழல்கிறது. அதனால்தான் காற்று அலைக்கழித்தாலும் அது படுக்கை நிலையை எளிதில் இழக்காமல் போகிறது.

இங்கே விளிம்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மூடிக்கு மடிந்த விளிம்பு உண்டு, தட்டையான அட்டைக்குக் கிடையாது. எடை நடுவில் இருப்பதைவிட ஓரத்தில் இருந்தால், அதே வேகச் சுழற்சிக்குக் கோண உந்தம் அதிகமாகும். ஒரே மாதிரி மூடி இரண்டு எடுத்துக்கொண்டு, ஒன்றின் அடிப்பக்கம் விளிம்பை ஒட்டி நான்கு ஒரு ரூபாய் நாணயங்களைச் சம இடைவெளியில் டேப்பால் அழுத்தி ஒட்டுங்கள். இன்னொன்றில் நான்கையும் நடுவில் ஒட்டுங்கள். எடை ஒன்றே. வீசிப் பாருங்கள். விளிம்பில் நாணயம் உள்ள மூடி ஆடாமல் பறக்கும், மற்றது தள்ளாடும். இன்று கடையில் விற்கும் கோல்ஃப் தட்டுகள் எல்லாமே விளிம்பு கனத்துத்தான் இருக்கின்றன.

இனி வருவது கொஞ்சம் கடினம். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், பொறுமையாகப் படியுங்கள்.

வலதுகைக்காரர் ஒருவர் கையை மார்புக்குக் குறுக்கே மடக்கி, புறங்கை முன்னால் வர, தட்டை வீசுகிறார். மேலிருந்து பார்த்தால் தட்டு கடிகார முள் திசையில் சுழலும். தட்டு நேராகப் போகும். சில தட்டுகள் வேகம் மிகுந்திருக்கும்போது லேசாக வலப்பக்கம் சாயும். வேகம் குறைந்ததும் பெரும்பாலானவை இடப்பக்கம் திரும்பி இறங்கும். கடைசியில் இடப்பக்கம் விழுவது மட்டும் அநேகமாகத் தவறாது. இடதுகைக்காரர் வீசினால் எல்லாம் நேர்மாறு. பக்கவாட்டிலிருந்து யாரும் தள்ளவில்லையே, ஏன் திரும்புகிறது?

மறுபடி பம்பரத்திடம் போவோம். வேகம் குறையும்போது பம்பரம் சாய்கிறது. சாய்ந்த பொருள் கீழே விழ வேண்டியதுதானே? அது விழாமல் தலையை ஆட்டி வட்டமடிக்கிறது. சுழலும் பொருளின் குணம் அப்படி. ஒரு பக்கம் நீங்கள் தள்ளினால், அது அந்தப் பக்கம் சாயாமல், கால் வட்டம் தள்ளி இன்னொரு பக்கமாகச் சாய்ந்து பதில் சொல்லும்.

தட்டிலும் இதே கதைதான். காற்றின் தூக்கு விசை தட்டின் சரியான நடுப்புள்ளியில் விழுவதில்லை. வேகம் குறைந்து தட்டு இறங்கத் தொடங்கும்போது அந்த விசை நடுவுக்குச் சற்று முன்னால் விழுகிறது. முன்விளிம்பை மேலே தூக்கப் பார்க்கிறது. சுழலாத தட்டு என்றால் மல்லாந்து விழுந்திருக்கும். சுழலும் தட்டோ கால் வட்டம் தள்ளிப் பதில் சொல்கிறது: முன்பக்கம் எழாமல் இடப்பக்கம் சாய்கிறது. சாய்ந்த இறக்கை சாய்ந்த பக்கமே இழுத்துக்கொண்டு போகும். தட்டு இடப்பக்கம் இறங்குவது இதனால்தான். மிகுந்த வேகத்தில் விசை நடுவுக்குப் பின்னால் போய் விழுந்தால் வலப்பக்கம் சாயும். வெறும் மேலும் கீழுமான தள்ளல் பக்கவாட்டு வளைவாக மாறும் அதிசயத்தை, மைதானத்தில் நின்று கண்ணால் பார்க்கலாம்.

இது தெரிந்துவிட்டால் நடுவில் நிற்கும் மரம் ஒரு தடையே இல்லை. மரத்துக்கு வலப்பக்கமாக வீசினால் போதும், தட்டே இடப்பக்கம் திரும்பி மரத்துக்குப் பின்னால் உள்ள இலக்கைத் தேடிப் போகும். எதிர்க்காற்று அடித்தால் தட்டின் மேல் பாயும் காற்றின் வேகம் கூடும், எனவே மேலே எகிறும், வலப்பக்கச் சாய்வும் கூடும். பின்காற்றில் சீக்கிரமே தரை தட்டும். மைதானத்துக் கொடியைப் பார்த்துவிட்டு வீசுகிறவர்தான் நல்ல ஆட்டக்காரர். பலசாலி எப்போதும் வெல்வார் என்ற பேச்சு இந்த ஆட்டத்தில் எடுபடாது.

தகர மூடி பிளாஸ்டிக் தட்டானது அமெரிக்காவில். கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா கடற்கரையில் வால்டர் ஃபிரடெரிக் மாரிசன் என்ற இளைஞரும் அவருடைய காதலி லூசிலும் கேக் சுடும் தட்டை வீசி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஐந்து சென்ட் விலையுள்ள அந்தத் தட்டை இருபத்தைந்து சென்ட்டுக்குக் கேட்டார் ஒருவர். மாரிசனுக்குப் பொறி தட்டியது. இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்து திரும்பிய பிறகு பிளாஸ்டிக்கில் தட்டு வார்க்க முனைந்தார். அவருடைய தட்டை 1957-இல் வாம்-ஓ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்து, ‘ஃபிரிஸ்பி’ என்று பெயர் மாற்றியது. அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த எட் ஹெட்ரிக், தட்டின் மேல்பரப்பில் வட்ட வட்டமாக மெல்லிய வரிகள் எழுப்பி, பறத்தலைச் சீராக்கினார். 1975-இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஓக் குரோவ் பூங்காவில் நிலையான முதல் ஆடுகளத்தை அமைத்தவரும் அவரே.

அங்கே முதலில் நட்டவை வெறும் கம்பங்கள். தட்டு கம்பத்தில் பட்டதா, உரசாமல் போனதா என்று ஓயாத தகராறு. அதற்கு ஹெட்ரிக்கும் அவர் மகனும் கண்ட தீர்வுதான் சங்கிலிக் கூடை. கம்பத்தின் உச்சியிலிருந்து சுற்றிலும் சங்கிலிகள் தொங்கும், கீழே கம்பிக் கூடை இருக்கும்.

ஏன் சங்கிலி? கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையை விறைப்பாக நீட்டினால் பந்து தெறித்துவிடும். கையைப் பின்னால் இழுத்து வாங்கினால் தங்கும். சங்கிலி செய்வதும் அதுதான். தட்டு வந்து மோதியதும் கண்ணிகள் பின்வாங்குகின்றன, ஒன்றோடொன்று இடித்து உரசுகின்றன. தட்டின் இயக்க ஆற்றல் சிறிது வெப்பமாகவும் சிறிது ஒலியாகவும் பங்கு பிரிந்துபோகிறது. ‘சலங்’ என்று கேட்கும் ஓசையே தட்டு தன் வேகத்தை ஒப்படைத்துவிட்டது என்பதற்கு அடையாளம். பிறகு அது பொத்தென்று கூடையில் விழும். ஹெட்ரிக் 2002-இல் காலமானார். அவர் விரும்பியபடியே அவருடைய அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள்.

உங்கள் பள்ளியிலும் சின்ன ஆடுகளம் ஒன்று போடலாம். விளையாட்டு ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு, முப்பது நாற்பது தப்படி இடைவெளியில் ஆறு இலக்குகள் வையுங்கள். வாளி, பழைய டயர், தரையில் சுண்ணாம்பால் போட்ட வட்டம், எதுவானாலும் சரி. தட்டு விழுந்த இடத்தில் நின்று அடுத்த வீச்சு. இலக்குக்குத் தொலைவில் இருப்பவர் முதலில் வீச வேண்டும். ஆறு இலக்கையும் குறைந்த வீச்சில் முடிப்பவர் வெற்றி பெற்றவர். ஒவ்வொரு வீச்சுக்கும் குறிப்பேட்டில் எழுதுங்கள்: வலதுகையா இடதுகையா, காற்று எந்தப் பக்கம், தட்டு எந்தப் பக்கம் திரும்பியது. பத்து நாள் எழுதினால், மேலே நான் சொன்னது சரியா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

தகர மூடியும் எவர்சில்வர் தட்டும் மட்டும் வேண்டாம், விளிம்பு கிழித்துவிடும். பிளாஸ்டிக் தட்டாகவே இருந்தாலும், வீசும் முன் எதிரே யாரும் இல்லையா என்று ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டுக் கையை ஓங்குங்கள்.